ஆறரை மணி வெந்நீர்

அத்தியாயம் ஒன்பது

"காணாமப் போன பொம்பளைக்குக் கடைசி சாட்சி ஒரு பேட்டரி மேடம். இனிமே அதைக் கூண்டுல ஏத்தி விசாரிக்க வேண்டியதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் தள்ளினார். "வண்டி பின்முற்றத்துல நிக்குது, பாத்துக்கங்க. நாளைக்குச் சாயங்காலம் ஃபைலை மூடப் போறேன். தானா கிளம்பிப் போனவளை எத்தனை நாள் தேடறது?"

சாவியைப் பிரேக் எடுத்துக்கொண்டான். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. பதினோரு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன். காரின் பிரேக்கை அழகாகப் பிடிப்பான், வாயின் பிரேக் மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை என்று ஸ்டாண்டில் வைத்த பேர் இது. இப்போது மூன்று வருஷமாக மீட்டரம்மாவுக்கு டிரைவர், உதவியாளர், கோபம் வந்தால் திட்டுவதற்குக் கைக்கு எட்டுகிற ஆள்.

மீட்டரம்மா என்பதும் ஊர் வைத்த பேர்தான். மின்சார இலாகாவில் திருட்டுக் கரண்ட் பிடிக்கும் படையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்ற மறு மாதமே துப்பறியும் ஆபீஸ் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு மீட்டரைப் பார்த்தால், அந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

பின்முற்றத்தில், நசுங்கிய இரண்டு பைக்குகளுக்கு நடுவில் அந்தப் பெண் தங்கியிருந்த கேரவன் நின்றது. அதன் படியில் ஒரு பெண் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காணாமல் போனவளின் அக்கா. இந்த வழக்கை மீட்டரம்மாவிடம் கொண்டு வந்ததும் அவள்தான்.

"வாங்க மேடம். செருப்போடயே வரலாம், போலீஸ்காரங்க பூட்ஸோட வந்து போன இடம்தானே" என்றாள்.

உள்ளே ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, உட்காரும் பலகை. பலகையைத் தூக்கினால் அடியில் இரண்டு பெரிய பேட்டரிகள். மடித்த போர்வைமேல் ஒரு மைக்கும் ஹெட்ஃபோனும் கிடந்தன.

"சினிமாக்காரங்க உட்கார்ந்து மேக்கப் போடறது மாதிரி இருக்கும்னு நினைச்சேன். இது அந்த மேக்கப் பெட்டி சைஸுக்குத்தான் இருக்கு" என்றான் பிரேக்.

அக்கா லேசாகச் சிரித்தாள். "அவளுக்கு இது போதும். பறவை கத்தறதைப் பதிவு பண்றதுதான் அவ வேலை. மாசத்துல இருபது நாள் ஏரிக்கரையில கிடப்பா. ஜெனரேட்டர் வச்சா சத்தத்துக்குப் பறவை ஓடிரும்னு வாங்கவே இல்ல. கூரைமேல இருக்கிற சோலார் தகடு பேட்டரியை நிரப்பும். அதுலதான் எல்லாம். லைட்டு, ஃபிரிட்ஜ், தண்ணி பம்ப் மூணும் பேட்டரியில நேரா ஓடும். பக்கெட்டுக்குள்ள போடற வெந்நீர்க் கம்பி மாதிரி பெரிய சாமானுக்கு மட்டும் இந்த இன்வெர்ட்டர் வேணும், வீட்டுக் கரண்டா மாத்தித் தரும்."

பேட்டரியின் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருந்தது. பேட்டரிக்குள் வருவது போவது அத்தனையையும் நிமிஷ வாரியாகக் குறித்து வைத்து வீட்டாரின் செல்போன்களுக்கு அனுப்பும் பெட்டி.

"இது மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் செத்திருப்பேன் மேடம்" என்று அக்கா தன் போனை நீட்டினாள். "பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணி, வெந்நீர் போட்டிருக்கா. திங்கள் ஆறரை. செவ்வாய், புதன், அதே ஆறரை. வியாழக்கிழமை காலையில இல்ல, ராத்திரி எட்டு மணிக்கு. வியாழக்கிழமை வரைக்கும் என் தங்கச்சி இங்க உயிரோட இருந்திருக்கா. குளிச்சிருக்கா. யாரோ வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க, இவளும் போயிருக்கா. எங்கயோ இருக்கா. கோபமா இருந்தாலும் சரி, இருக்கா. எனக்கு அது போதும்."

திரையில் தினமும் ஆறரை மணிக்கு ஒரு கோடு தூண் மாதிரி எழும்பி நின்றது. பிரேக் அதைப் பார்த்துத் தலையாட்டினான். பார்க்கத் தெம்பாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து வெந்நீர் வைக்கிற மனுஷிக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது?

"இதை போலீஸுக்குக் காட்டினது யாரு?" என்றார் மீட்டரம்மா.

"மாப்பிள்ளைதான். அவ வீட்டுக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து அவளைப் பார்த்துட்டுப் போயிருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில வேலை விஷயமா வெளியூர் பஸ் ஏறினவர், வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் திரும்பினார். போன் எடுக்கலையேன்னு ஏரிக்கே போய் வண்டியைத் திறந்திருக்கார். ஆள் இல்ல." அவள் குரல் தழைந்தது. "வியாழக்கிழமை ராத்திரி குளிச்சிருக்கான்னா யாரையோ பார்க்கத்தானேன்னு ஸ்டேஷன்லயே உடைஞ்சு அழுதார். தனியா இருக்க முடியலக்கான்னு இப்போ எங்க வீட்லதான் இருக்கார்."

மீட்டரம்மா அடுப்புக்குமேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நீல மையில் சாய்ந்த கையெழுத்து:

'பாதிக்குக் கீழே இறங்கினால் வெந்நீர் கேஸில். கம்பியைத் தொட்டால் கையை உடைப்பேன். இப்படிக்கு நானே.'

"தனக்குத்தானே மிரட்டல் கடிதமா?" என்றான் பிரேக்.

"பாதிக்குக் கீழ போனா இந்த மாதிரி பேட்டரி சீக்கிரம் செத்துப் போயிரும் தம்பி. மழை நாள்ல அவ கம்பிப் பக்கமே போக மாட்டா. நான் வந்து தங்கினப்போ தெரியாம சொருகிட்டேன். அரை நாள் பேசல."

மீட்டரம்மா போனில் விரலால் தேய்த்தார். திங்கள் காலை பேட்டரி நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் இருபத்து நாலு. ஆனாலும் ஆறரைக்குத் தூண் நிற்கிறது.

"பிரேக், அந்த சிலிண்டரைத் தூக்கிப் பாரு."

தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. "முக்கால்வாசி இருக்கு மேடம். எனக்குத்தான் காலி."

"கேஸ் இருக்கு. பேட்டரி இல்ல. அப்புறம் ஏன் கம்பி?" என்றார் மீட்டரம்மா, யாரையும் பார்க்காமல். "வா, ஏரிக்குப் போயிட்டு வந்துரலாம். வியாழக்கிழமை ராத்திரி வந்த அந்த விருந்தாளி கேட்டைத் தாண்டித்தானே வந்திருக்கணும்?"

*

ஏரிக்கரையில் வண்டிகள் தங்கும் மைதானத்துக்கு ஒரே கேட். அதற்கு ஒரே காவலாளி. ரெயின்கோட்டு போட்டபடியே பிறந்தவர் மாதிரி இருந்தார்.

"வியாழக்கிழமை ஒரு வண்டி, ஒரு ஆள் வரல" என்றார். "வழி பூரா சேறு. நானே கேட்டைப் பூட்டிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"நடந்து வந்திருந்தா?"

"இந்தச் சேத்துலயா? இடுப்பு வரைக்கும் புதைஞ்ச தடம் காலையில கிடந்திருக்கும்."

"நீச்சலடிச்சு வந்திருப்பான்" என்றான் பிரேக். "காதலுக்குக் கண்ணு இல்ல, செதில் இருக்கலாம்."

காவலாளி சிரிக்கவில்லை. "ஏரிப் பக்கமும் முடியாது. ஞாயித்துக்கிழமை விடிகாலையிலேயே மதகை எல்லாம் தூக்கிட்டாங்க. அந்த இழுப்புல மரமே போச்சு, கடலுக்கு. ஆள் எம்மாத்திரம்?"

மீட்டரம்மா தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பழுப்பு நிறத்தில், மேலே நுரையோடு, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அந்த வண்டியில லைட்டு எரிஞ்சுதா?"

"எட்டு மணிக்கு நான் டார்ச்சோட ஒரு சுத்து சுத்துவேன். இருட்டா கிடந்தது. அந்தப் பொண்ணு நாணல் காட்டுக்குள்ள மைக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், நாலஞ்சு நாள் கண்ணுலயே படாது. அதனால நான் ஒண்ணும் நினைக்கல."

"அந்த வாரம் வெயில் எப்படி?"

"வெயிலா? திங்கள், செவ்வாய், புதன் சூரியனையே பார்க்கல. வியாழக்கிழமை பத்து, பத்தரைக்கு மேகம் கொஞ்சம் விலகுச்சு. துணி காயப்போட்டேன், அதனால ஞாபகம்."

திரும்பும் வழியில் பிரேக் வழக்கம்போலப் பேசினான். விருந்தாளி வானத்திலிருந்து குதித்திருக்கலாம், அல்லது அந்தப் பெண் இருட்டில் குளித்துவிட்டு ஒருத்தருக்கும் தெரியாமல் பறந்திருக்கலாம், பறவைகளோடு பழகியவள்தானே என்றான். மீட்டரம்மா கடைத்தெருவில் ஓர் எலக்ட்ரிக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்து, அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன மேடம் அது?"

"விருந்தாளி" என்றார்.

*

கேரவனுக்கு வந்ததும் பிரேக் முதலில் கையைக் கழுவப் போனான். ஏரிச் சேறு முழங்கை வரைக்கும் அப்பியிருந்தது. குழாயைத் திருகினான். பலகைக்கு அடியிலிருந்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"பயப்படாதே. பம்ப்தான். அடியில இருக்கிற டேங்க்ல இருந்து தண்ணியைத் தள்ளுது" என்றாள் அக்கா. அவள் கையில் போன் விழித்திருந்தது. பிரேக் எட்டிப் பார்த்தான். குழாயைத் திறந்தால் திரையில் ஒரு குட்டி முள் எழும்பியது. மூடினால் படுத்தது. திறந்தான், எழும்பியது. மூடினான், படுத்தது.

"மேடம், நான் கை கழுவறதைக்கூடக் காட்டிக் கொடுக்குது இது" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, அந்த வாரத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினாள். ஞாயிறு. ஆறரைத் தூண் நின்றது. முன்னாலும் பின்னாலும் ஃபிரிட்ஜ் போட்ட தாழ்ந்த மேடுகள். முள் இல்லை. திங்கள், முள் இல்லை. செவ்வாய், புதன், வியாழன், ஒன்றுமே இல்லை.

"குளிக்க வெந்நீர் வச்சவங்க தண்ணியே எடுக்கலையே" என்றான் பிரேக். "பல் விளக்கல. தம்ளர் கழுவல. அஞ்சு நாள் ஒரு வாய் தண்ணி குடிக்கல."

அக்கா அவனைப் பார்த்தாள். "கேன்ல பிடிச்சு வச்சிருந்திருப்பா."

"இருக்கலாம்" என்றார் மீட்டரம்மா. அக்காவைப் பலகையில் உட்கார வைத்துத் தானும் எதிரில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. இதுக்கு முந்தின மாசத்தைப் பார்த்தேன். வெந்நீர் ஒரு நாள் பதினோரு நிமிஷம். ஒரு நாள் பதினெட்டு. ஒரு நாள் போடவே இல்ல. மனுஷங்க அப்படித்தான். இந்த அஞ்சு தடவை மட்டும் பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சு. நிமிஷம் பிசகல."

கைப்பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளங்கை அளவில் வெள்ளையாக ஒரு பிளக். நடுவில் கடிகாரம் மாதிரி மணி போட்ட வட்டத் தட்டு, ஓரத்தில் வரிசையாகப் பல்.

"மீன் தொட்டி விளக்குக்குப் போடற டைமர். ஒரு பல்லை அமுக்கினா பதினஞ்சு நிமிஷம். ஆறரைக்கு நேரா அமுக்கிட்டா தினமும் ஆறரைக்குக் கரண்ட் விடும், ஆறே முக்காலுக்கு நிறுத்தும். இதுல வெந்நீர்க் கம்பியைச் சொருகி, பக்கெட் தண்ணியில போட்டுட்டா ஆளே வேண்டாம்."

"ஆனா வியாழக்கிழமை எட்டு மணி?" என்று அக்கா அவசரமாகக் கேட்டாள். விழப்போகிறவள் எதையாவது பிடித்துக்கொள்வது மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. "அது ஆறரை இல்லையே! டைமர்னா காலையிலதானே வந்திருக்கணும்? அது அவதான் மேடம். அது கண்டிப்பா அவதான்."

மீட்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவையில்லாமல் ரொம்ப நேரம் துடைத்தார்.

"மூணு நாளா வெயில் இல்ல. பேட்டரி இறங்கிக்கிட்டே போச்சு. புதன்கிழமை ராத்திரி ஒன்பது பத்துக்கு, இனிமே தாங்காதுன்னு இன்வெர்ட்டர் தானா அணைஞ்சிருச்சு. இதுலயே பதிவாகியிருக்கு. வியாழக்கிழமை காலையில மேகம் விலகி, தகடு கொஞ்சம் நிரப்பி, பத்து நாற்பதுக்கு இன்வெர்ட்டர் திரும்ப உயிர் பெத்து எழுந்திருக்கு. நடுவுல எவ்வளவு நேரம், பிரேக்?"

பிரேக் விரலை மடக்கினான். "பதிமூணரை மணி."

"இந்தத் தட்டு கரண்ட்லதான் சுத்தும். கரண்ட் போனா அப்படியே நிக்கும். வந்ததும் விட்ட இடத்துல இருந்து சுத்தும். ஆறரையோட பதிமூணரையைக் கூட்டு."

பிரேக் கூட்டினான். விரல் நின்ற இடத்தைத் திரும்ப ஒரு தடவை எண்ணினான்.

"ராத்திரி எட்டு" என்றார் மீட்டரம்மா. "கரண்ட் போனா மனுஷங்க நிக்க மாட்டாங்கம்மா. இருட்டுல தடவியாவது எழுந்திருப்பாங்க, கேஸைப் பத்த வைப்பாங்க. கடிகாரம்தான் நிக்கும். வியாழக்கிழமை யாரும் வரல. யாரும் போகல. இந்த வண்டிக்குள்ள ஞாயித்துக்கிழமையில இருந்தே ஆள் கிடையாது."

வெளியே யாரோ ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அக்கா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"எதுக்கு?" என்றாள் கடைசியில். "ஆள் இருக்கிற மாதிரி எதுக்குக் காட்டணும்?"

"ஞாயிறுல இருந்து வியாழன் வரைக்கும் யாரு ஊர்ல இல்லையோ, அவருக்காக."

அவளுக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது. மீட்டரம்மா பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

"பஸ் டிக்கெட்டைக்கூட இன்ஸ்பெக்டர்கிட்ட அவராத்தான் காட்டினார்" என்றாள் அவள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை வண்டியை முதல்ல திறந்ததும் அவர்தான். ஒரு பையோட போனார்."

"அந்த எட்டு மணி அவரே எதிர்பார்க்காதது. போன்ல பார்த்ததும் திகைச்சிருப்பார். உடனே அதுக்கு ஒரு ஆளை உண்டாக்கி, உங்க தங்கச்சியை அவனோட அனுப்பிட்டார்."

"சனிக்கிழமை?" என்றாள் அக்கா. "சனிக்கிழமை என்ன இருக்கு இதுல?"

"வேண்டாம்மா."

"சொல்லுங்க மேடம்."

"சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் சாதாரணமாத்தான் இருக்கு. சின்னச் சின்ன முள். ஏழு இருபதுக்கு பம்ப் ஓடியிருக்கு. விடாம நாலு நிமிஷம்." மீட்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரோ ரொம்ப நேரம் கை கழுவியிருக்காங்க. அதுதான் கடைசித் தண்ணி."

*

இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. அதுவே நல்ல சகுனமில்லை என்று பிரேக்குக்குத் தோன்றியது.

"நீங்க சொல்றது நடந்திருக்கும் மேடம். நான் நம்பறேன்" என்றார். "டைமர் எங்க? எந்தக் குப்பையில கிடக்கோ. உடம்பு எங்க? பதினாறு நாள் மதகு திறந்து கிடந்திருக்கு, கடல்லதான் தேடணும். பார்த்த ஆளும் இல்ல. அஞ்சு நாள் தண்ணி பம்ப் ஓடலைன்னு கோர்ட்டுல சொன்னா, ஜட்ஜ் என்னை ஓட விடுவார். கூப்பிட்டு விசாரிக்கறேன். ஆனா அவர் அழத் தெரிஞ்ச ஆளு. ஒத்துக்கிட்டாத்தான் உண்டு, இல்லேன்னா இல்ல."

"நாளைக்கு ஃபைலை மூடாதீங்க."

"ஒரு வாரம் தள்ளிப் போடறேன். அதுக்குமேல என் கையில இல்ல."

திரும்பி வந்தபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். பிரேக் ஒரு தம்ளர் டீ வாங்கி நீட்டினான். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பதை மீட்டரம்மா சொன்னார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், அதோடு சரி.

"அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு அம்பதுக்கு எனக்கு போன் பண்ணினா" என்றாள். "விளையாட்டு விழாவுக்குப் போன பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வந்துட்டிருந்தேன். நாப்பது குழந்தைங்க. எடுக்கல. வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன், அவ எடுக்கல. அப்புறம் இந்த வெந்நீர்க் கணக்கைப் பார்த்ததும், சரி, அதுக்கப்புறம் அஞ்சு நாள் நல்லாத்தானே இருந்திருக்கா, அன்னிக்குச் சும்மாதான் கூப்பிட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்."

பிரேக் எத்தனையோ பேரை எத்தனையோ துக்கத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவன். வழியெல்லாம் ஏதாவது பேசி அவர்களை ஒரு நிமிஷமாவது மறக்கடித்துவிடுவான். இன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. டீ ஆறி ஏடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் போன் அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை' என்று வந்தது.

"எடுக்காதீங்க" என்றார் மீட்டரம்மா. "இன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல தங்கிக்கங்க. அவர் முகத்தைப் பார்த்தா உங்களால முடியாது."

"நான் போகலேன்னா அவருக்குத் தெரிஞ்சிரும் மேடம். ஒரு வாரம்தானே கொடுத்திருக்காங்க? அவர் அழுதா பக்கத்துல உட்கார்ந்து கேட்க ஆள் வேணும். எப்பவாவது ஒரு வார்த்தை தவறி விழும்."

"விழாம போகலாம்மா. பெரும்பாலும் விழாது."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

முற்றம் அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் பிரேக்குக்கும் கேட்டது. மிருதுவான குரல். "அக்கா, எங்க இருக்கீங்க? 'காணவில்லை' போஸ்டர் அச்சாகி வந்திருச்சு. முந்நூறு. அவ சிரிக்கிற போட்டோதான் போட்டிருக்கேன். பசையும் கரைச்சு வச்சுட்டேன். நீங்க வந்தா சேர்ந்து போய் ஒட்டிட்டு வந்துரலாம்."

அவள் கண்ணை மூடினாள். பேசியபோது குரல் தினமும் இருக்கிற மாதிரியே இருந்தது.

"வந்துட்டே இருக்கேன் தம்பி. எந்தத் தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம்?"